டிசம்பரில் குடும்பிமலைக்குச் சைக்கிளில் செல்வது பற்றி

மட்டக்களப்பிலிருந்து டிசம்பரில் கிரவல் பாதைகளால் குடும்பிமலைக்குச் சைக்கிளில் செல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். அன்புகூர்ந்து அந்த மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். வடகீழ்ப் பருவமழையில் முந்தனையாறு பெருகி, குடும்பிமலைக்குச் செல்லும் கிரான் – புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடினால், அப்பாலுள்ள ஊர்களுக்குப் படகில்தான் போக வேண்டியிருக்கும்.

மே முதல் செப்டெம்பர் வரை நிலம் காய்ந்திருக்கும். அப்போதும், முதற் பயணமாக வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக, வயல்வெளி மெல்ல மேடாகிக் காட்டை நெருங்கும் உன்னிச்சைக் குளம்வரை செல்வதையே மனமாரப் பரிந்துரைப்பேன். யானைகள் மாலையில் நீர்நிலைகளை நாடுவதால் வெயில் சாயுமுன் திரும்பிவிடுங்கள். குடும்பிமலைப் பக்கம் போர் நடந்த நிலம்; வெடிக்காத வெடிபொருள்கள் எஞ்சியிருக்கக்கூடும். மக்கள் புழங்கும் தடத்தை விட்டு ஒருபோதும் இறங்காதீர்கள்.