கடலோர விடுதியும் ஒரு வெள்ளைத் தட்டும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கடலை ஒட்டிச் சின்ன விடுதி ஒன்று நடத்துகிறேன். போன வருடம் பக்கத்துப் பள்ளியின் கடற்கரைத் துப்புரவு நாளுக்கு நூறு டிஷர்ட் அடித்துக் கொடுத்தேன். போட்டோ வந்தது, அவ்வளவுதான். இந்த முறை அலையாத்தி நடலாம் என்கிறார்கள். சிறு வியாபாரிகள் உருப்படியாக என்ன செய்ய முடியும்? விளம்பர ஆசையும் கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை.

கே.

அன்புள்ள கே.,

விளம்பர ஆசை இருந்துவிட்டுப் போகட்டும். அதை ஒரே நாளில் தீர்த்துக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

துப்புரவு நாள் வீண் இல்லை. 1986இல் டெக்சஸ் கடற்கரையில் இது தொடங்கியபோதே, பொறுக்கியதை வகைவாரியாக எண்ணி அட்டையில் குறித்தார்கள். அப்படி எண்ணியதால்தான் உலகம் முழுக்கப் பல வருடங்கள் சிகரெட் துண்டே முதலிடத்தில் இருந்தது தெரிந்தது. அதன் நுனியில் இருப்பதைப் பஞ்சு என்று நினைக்கிறோம். அது செல்லுலோஸ் அசிடேட், பிளாஸ்டிக். எண்ணாமல் மூட்டை கட்டினால் கரை சுத்தமாகும், பிள்ளைகள் எதையும் கற்க மாட்டார்கள்.

அலையாத்தி விஷயத்தில் அவசரம் வேண்டாம். சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் விதை மரத்திலேயே முளைத்து நீளக் குச்சியாகத் தொங்கும். பறித்துச் சேற்றில் குத்தினால் வேலை முடிந்தது, போட்டோவுக்கும் அழகு. பிலிப்பைன்ஸில் இப்படி ஏராளமாக நட்டார்கள். நெடுநாள் பிழைத்தவை பொதுவாக 10 முதல் 20 சதவீதம்தான். இயல்பாக வளரும் மேட்டு இடங்கள் மீன் குட்டைகளாகிவிட்டதால், நெடுநேரம் நீரில் மூழ்கிக் கிடக்கும் தாழ்ந்த சேற்றில் நட்டதே முக்கியக் காரணம்.

சரி, என்ன செய்யலாம்? கடல் நீர் எவ்வளவு தெளிவு என்று அளக்க, அந்தப் பள்ளிக்கு ஒரு வெள்ளைத் தட்டு செய்து கொடுங்கள். 30 செ.மீ. அகலம், அடியில் எடை, அரை மீட்டருக்கு ஒரு குறி போட்ட கயிறு. 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியலாளர், போப்பின் கப்பலிலிருந்து இறக்கிப் பார்த்தது இதைத்தான். உச்சி வெயிலில், படகின் நிழல் பக்கமாக மெல்ல இறக்க வேண்டும். தட்டு முதலில் பச்சையாகும், பிறகு மங்கும், ஒரு நொடியில் காணாமல் போகும். அந்த ஆழத்தைக் குறித்துக்கொண்டு, மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்து, சராசரி எடுக்க வேண்டும். மழை முடிந்த வாரம் சீக்கிரமே மறையும்: ஆறு கொண்டுவந்த வண்டல். வண்டலே இல்லாமல் சீக்கிரம் மறைந்தால் மிதவை உயிரிகள் பெருகியிருக்கலாம். அப்போது ஒரு சொட்டு நீரை நுண்ணோக்கியில் வைக்கச் சொல்லுங்கள். சில சமயம் நண்டின் குஞ்சுகூட முதுகில் முள்ளோடு துள்ளும். நண்டு என்று சொன்னால் எந்தப் பையனும் நம்ப மாட்டான்.

தட்டுக்குப் பெரிய செலவில்லை. மாதம் ஒருமுறை அதே இடத்துக்குப் போய்வரப் படகும் டீசலும் மிதவை அங்கியும்தான் செலவு. இதற்கெல்லாம் பணம் தர யாரும் முன்வர மாட்டார்கள், ஏனென்றால் மேடை இல்லை. மூன்று வருடத்துக்கு நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள். தனியாக முடியாவிட்டால் பக்கத்துக் கடைக்காரர்கள் ஆளுக்கு நாலு மாதம் எடுத்துக்கொள்ளட்டும்.

அப்புறம், உங்கள் விடுதியின் கடல் பக்க விளக்குகள். ஆமைக்குஞ்சு மணலை விட்டு வெளியே வந்ததும் வெளிச்சமான தொடுவானத்தை நோக்கித்தான் நகரும். இருட்டில் அது கடல். உங்கள் விளக்கு எரிந்தால் உங்கள் வாசல். ஆமை முட்டையிடும் கரை என்றால் குஞ்சு பொரிக்கும் காலம் முடியும்வரை அணையுங்கள். முடியாத இடத்தில் தாழ்வாக, மறைப்புப் போட்டு, செம்மஞ்சள் விளக்கு மாட்டுங்கள்.

விளம்பரத்துக்கு அந்த அளவு நோட்டின் நகலை வரவேற்பு மேசையில் வையுங்கள். அறை எடுக்க வருபவர்கள் புரட்டிப் பார்ப்பார்கள், இது என்ன என்று கேட்பார்கள். மிச்ச டிஷர்ட் இருந்தால் தட்டைத் துடைக்க ஆகும்.