ஜெர்மனியில் வாடகை வீடு: 'அன்மெல்டுங்' கிடையாது என்று சொல்லும் அறையை எடுக்கலாமா?

போன இதழில் ஜெர்மனிக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கான செலவுக் கணக்கைப் போட்டபோது, குடிபோன வீட்டின் முகவரியை ஊர் நிர்வாகத்தில் பதிய வேண்டும், அதற்குப் பெயர் அன்மெல்டுங் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். செலவுக் கணக்கை யாரும் கண்டுகொள்ளவில்லை. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுக்க அதுதான்.

கேள்வி: மகன் அக்டோபரில் பெர்லினில் எம்.எஸ். சேருகிறான். நல்ல அறை ஒன்று 380 யூரோவுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் 'இந்த வீட்டில் அன்மெல்டுங் செய்ய முடியாது' என்கிறார்கள். 'அதனால் என்ன, என் சொந்தக்காரர் வீட்டு முகவரியில் பதிந்துகொள்' என்கிறான் அவனுடைய சீனியர். அட்வான்ஸ் கட்டட்டுமா? (பெயர் வேண்டாம், நாமக்கல்)

பதில்: கட்டாதீர்கள் அம்மா. அறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

வாடகை ஏன் 380 என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பதிவு செய்ய விடமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தவர் உரிமையாளருக்குத் தெரியாமல் உங்கள் பையனுக்கு உள்வாடகைக்கு விடுகிறார், அல்லது வருகிற வாடகையைக் கணக்கில் காட்ட அவருக்கு விருப்பமில்லை. இரண்டிலுமே பிரச்சினை வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கப்போவது உங்கள் பையன்தான்.

அங்கே வீட்டுக்குக் குடிபோன நாளிலிருந்து 2 வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். 2015 நவம்பர் 1 முதல் நாடு முழுக்க ஒரே சட்டம்தான், தவறினால் 1,000 யூரோ வரை அபராதம் போடலாம். ஆனால் நான் பயப்படுவது அபராதத்துக்கு இல்லை. நம் ஊரில் ஆதார் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது என்கிறோமே, அங்கே அந்த இடத்தில் இருப்பது இந்தப் பதிவுச் சான்றிதழ். பதிந்தால்தான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும், அது இல்லாமல் பகுதி நேர வேலைக்குப் போனால் சம்பளத்தில் தாறுமாறாக வரி பிடிக்க வாய்ப்புண்டு. பல வங்கிகள் கணக்குத் தொடங்க இந்தச் சான்றிதழைக் கேட்கும். விசா முடிவதற்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், எந்த ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பிப்பது என்பதே நீங்கள் எங்கே பதிந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான். மாதம் 100 யூரோ மிச்சம் பிடிக்கப் போய் இதையெல்லாம் தொங்கலில் விடுவதா?

அப்புறம் அந்தச் சீனியரின் யோசனை. அவன் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பான், ஆனால் குடியிருக்காத வீட்டில் பதிவது பொய்ப்பதிவு. முகவரியை இரவல் கொடுக்கிற அந்தச் சொந்தக்காரருக்கு 50,000 யூரோ வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது (ஆமாம், ஐம்பதாயிரம்தான், அச்சுப்பிழை இல்லை). காசு வாங்கிக்கொண்டு முகவரி 'விற்கிற' ஆட்களும் இருக்கிறார்கள், அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள்.

இன்னொரு வழி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து ஹோட்டலிலோ பயணிகள் தங்கும் ஹாஸ்டலிலோ தங்குகிறவர்கள் 3 மாதம் வரை பதிய வேண்டியதில்லை. அதனால் முதல் இரண்டு மூன்று வாரம் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு நேரில் போய் வீடு பார்க்கலாம். செலவு கூடத்தான் ஆகும். மாணவர் விடுதிக்கு இப்போதே விண்ணப்பம் போட்டு வையுங்கள், காத்திருப்போர் பட்டியல் நீளம், ஆனாலும் அங்கே இடம் கிடைத்துவிட்டால் பதிவுக்கான தாளை அவர்களே தந்துவிடுவார்கள்.

கேள்வி: வாடகை ஒப்பந்தம் கையில் இருக்கிறது, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று. அதைக் கொண்டு போனால் போதாதா? (மதுரை வாசகர்)

பதில்: போதாது. நிறையப் பேர் இங்கேதான் ஏமாந்து திரும்பி வருகிறார்கள். ஒப்பந்தம் வேறு, வீடு கொடுத்தவர் 'இவர் இந்தத் தேதியில் என் வீட்டுக்குக் குடிவந்தார்' என்று எழுதித் தரும் உறுதிச் சீட்டு வேறு. அதன் ஜெர்மன் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். இதைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டால் பாதி ஜெர்மன் வந்துவிட்டது என்று கேலி செய்வோம். வீடு கொடுத்தவர் பெயர், அவர் முகவரி, அவர் உரிமையாளர் இல்லையென்றால் உரிமையாளர் பெயர், குடிவந்த தேதி, வீட்டு முகவரி, யார் யார் குடிவந்தார்கள் என்பது எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். 2002இல் இந்தச் சீட்டு வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள், பொய்ப்பதிவு அதிகமாகிறது என்று 2015இல் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

உள்வாடகை என்றால் முதல் வாடகைக்காரரே இதில் கையெழுத்துப் போடலாம். 'இன்று தருகிறேன், நாளை தருகிறேன்' என்று இழுத்தடித்தால் சும்மா காத்திருக்காமல் அலுவலகத்துக்கு உடனே தெரிவித்துவிடுங்கள். சட்டமே அப்படித்தான் சொல்கிறது, ஏனென்றால் சீட்டுக் கொடுப்பது அவர் கடமை, கொடுக்காவிட்டால் அவருக்கும் அபராதம் உண்டு. இந்தச் சீட்டோடு பாஸ்போர்ட்டும் பதிவுப் படிவமும் போதும். குடும்பமாகப் போகிறவர்கள் திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்போடு வைத்துக்கொள்வது நல்லது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: பெர்லினில் இருக்கிறேன். குடிவந்து 9 நாள் ஆகிறது. அப்பாயின்ட்மென்டே கிடைக்கவில்லை, 5 வாரம் கழித்துத்தான் காட்டுகிறது. அபராதம் போடுவார்களா?

பதில்: கிடைக்கிற தேதியை முதலில் பிடித்துப் போடுங்கள், அந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள். நேரம் கொடுக்க முடியாதது அவர்கள் பக்கத்துச் சிக்கல் என்று அவர்களுக்கே தெரியும், முயற்சி செய்த ஆதாரம் இருந்தால் பொதுவாக ஒன்றும் சொல்வதில்லை. போட்டதோடு விட்டுவிடாதீர்கள், யாராவது ரத்து செய்த நேரங்கள் காலையில் அடிக்கடி கண்ணில் படும், காபி குடிக்கும்போது நாலு தடவை திறந்து பாருங்கள். இன்னொன்று, பெர்லினில் உங்கள் பேட்டை அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை, நகரத்தில் எந்த பூர்கர் அலுவலகத்திலும் (இந்தப் பதிவைச் செய்கிற நகராட்சி அலுவலகம்) பதியலாம். கடைசி மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் இருக்கிற அலுவலகமாக இருந்தாலும் போய்விட்டு வாருங்கள்.

கேள்வி: படிவத்தில் மதம் கேட்கிறார்கள். நாங்கள் ரோமன் கத்தோலிக்கர்கள். உண்மையை எழுதினால் வரி பிடிப்பார்கள் என்கிறார் என் கணவரோடு வேலை செய்கிறவர். அது நிஜமா? (தூத்துக்குடி வாசகி)

பதில்: நிஜம்தான். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டெம்பெர்க்கிலும் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். ஆனால் கேட்டதும் பதறாதீர்கள், அது சம்பளத்தில் 9 சதவீதம் இல்லை, நீங்கள் கட்டும் வருமான வரியில் 9 சதவீதம். மாதம் 500 யூரோ வருமான வரி போனால் கூடவே 45 யூரோ போகும். வருமான வரியே கட்டாத மாணவருக்கு இதுவும் கிடையாது. இந்து, முஸ்லிம் வாசகர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

என்ன எழுதுவது என்று கேட்டால், உண்மையைத்தான் எழுதச் சொல்வேன். வேண்டாம் என்று முடிவெடுத்தால் திருச்சபையிலிருந்து விலகுவதாக அரசு அலுவலகத்தில் முறைப்படி எழுதிக் கொடுக்க வழி இருக்கிறது, ஆனால் அதை வெறும் வரிக் கணக்காக அங்கே உள்ள கத்தோலிக்கத் திருச்சபை பார்ப்பதில்லை. பிள்ளைக்குப் புதுநன்மை, பிறகு கல்யாணம் என்று கோயிலுக்குப் போய் நிற்கும்போது கேள்வி வரும். அது உங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு, கூட வேலை செய்கிறவர் சொல்கிற விஷயம் இல்லை.

கேள்வி: மகள் ஹம்பர்க்கில் நர்ஸ் பயிற்சிக்குப் போயிருக்கிறாள். வீட்டைப் பதியவேணும் என்று சொன்னவுடன் எனக்கு நெஞ்சு திக்கென்றது. சண்டைக் காலத்தில் கொழும்பில் அறை எடுத்து நின்றபோது பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் வெளியில் இறங்கேலாது, இரவில் வந்து கதவைத் தட்டுவார்கள். இதுவும் அப்படியா? (வவுனியாவிலிருந்து ஒரு தாய்)

பதில்: இல்லை அம்மா. உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. அங்கே பதிவது பொலிஸில் இல்லை, நகராட்சி அலுவலகத்தில். தமிழர், வெளிநாட்டவர் என்று பிரித்துப் பார்ப்பதும் இல்லை, அங்கேயே பிறந்த ஜெர்மன்காரரும் அடுத்த தெருவுக்கு வீடு மாறினால் 2 வாரத்துக்குள் போய்ப் பதியத்தான் வேண்டும். பதிந்த சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு திரியத் தேவையில்லை.

ஆனால் பயத்துக்கு இடமே இல்லாத நாடு என்று கதை விடவும் மாட்டேன். 1938இல் நாஜி அரசு நாடு முழுக்க ஒரே பதிவு விதியைக் கொண்டுவந்து பொலிஸ் கையில் கொடுத்தது, யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற அந்த ஏடுகள் யூதர்களைத் தேடிப் பிடிக்கப் பயன்பட்டன. அதனால் இந்தப் பதிவேட்டை யார் பார்க்கலாம் என்பதில் அங்கே இன்றும் வாக்குவாதம் உண்டு. இப்போதும் அரசு அலுவலகங்கள் பார்க்கலாம், பொலிஸும் கேட்டு வாங்கலாம். வெளியாள் ஒருவர்கூட, மகளின் பெயரையும் ஆளை அடையாளம் காட்டுகிற விவரத்தையும் கொடுத்து, கட்டணம் கட்டி, அவள் முகவரியைக் கேட்டுப் பெற முடியும். யாராலாவது அவளுடைய உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று காட்ட முடிந்தால் முகவரியை வெளியே கொடுக்காதபடி தடை போடச் சொல்லி அதே அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். விட்டு வந்த கணவன் தேடுகிறான் என்பது மாதிரியான நிலையில் இருக்கிற பெண்கள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: பாஸ்போர்ட்டில் எனக்கு ஒரே பெயர்தான், குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. பதிவில் சிக்கல் வருமா?

பதில்: பதிந்துவிடுவார்கள். பிறகுதான் கூத்து. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அப்பா பெயர்தான் அங்கே குடும்பப் பெயர், அதனால் அலுவலகத்தில் எல்லோரும் மரியாதையாக அப்பாவைக் கூப்பிடுவார்கள், நாம் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒரே பெயர் உள்ளவர்களுக்கு ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு விதமாகக் கட்டத்தை நிரப்பும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதியச் சொல்லுங்கள், சான்றிதழை வாங்கியதும் அந்த இடத்தை விட்டு நகராமல் எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்துவது 2 நிமிட வேலை.

அதைவிட முக்கியம் தபால் பெட்டி. அங்கே தபால்காரர் கதவு எண்ணைப் பார்த்துக் கடிதம் போடமாட்டார், பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். நான் போன புதிதில் நம் ஊர் வழக்கப்படி இனிஷியலோடு என் பெயரை மட்டும் அழகாக எழுதி ஒட்டி வைத்தேன். வரி எண் கடிதம் அப்பா பெயருக்கு வந்தது. அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், நானோ 3 வாரமாகப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சான்றிதழில் எந்தப் பெயரோ அதையே பெட்டியில் ஒட்டுங்கள், கூடவே அழைப்பு மணியிலும்.

கேள்வி: பதிந்து ஒரு மாதத்தில் 'ரேடியோ, டிவி கட்டணம்' என்று 55.08 யூரோ கேட்டுக் கடிதம். எங்களிடம் டிவியே இல்லை. மோசடியா? (ஸ்டுட்கார்ட் மாணவர்)

பதில்: மோசடி இல்லை தம்பி, கட்டித்தான் ஆக வேண்டும். மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள். பதிவேட்டிலிருந்து உங்கள் முகவரி அவர்களுக்கே போய்விடும். டிவி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, வீட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. வீட்டுக்கு ஒன்று என்பதால் 4 பேர் சேர்ந்து இருக்கிற வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். ரூம்மேட் யாராவது ஏற்கெனவே கட்டுகிறார்களா என்று கேளுங்கள், அவருடைய கட்டண எண்ணை எழுதிப் பதில் அனுப்பினால் உங்களை விட்டுவிடுவார்கள். கடிதத்தைக் குப்பையில் மட்டும் போடாதீர்கள், தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.

கேள்வி: படிப்பு முடிந்து மார்ச்சில் ஊர் திரும்புகிறேன். போகும்போதும் சொல்லிவிட்டுப் போக வேண்டுமா?

பதில்: ஜெர்மனிக்குள்ளேயே வீடு மாறினால் புது ஊரில் பதிந்தால் போதும், பழையது தானாக நீங்கிவிடும். நாட்டை விட்டே போகிறீர்கள் என்றால் பதிவை நீக்க வேண்டும். கிளம்புவதற்கு 1 வாரம் முன்னாலிருந்து, வீட்டைக் காலி செய்த 2 வாரம் வரை செய்யலாம். பல ஊர்களில் படிவத்தைத் தபாலில் அனுப்பினாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். மேலே சொன்ன ரேடியோ கட்டணத்தைத் தனியாக எழுதி நிறுத்துங்கள், அதற்கும் வங்கி, போன், உடற்பயிற்சிக்கூட ஒப்பந்தங்களை முடிக்கவும் இந்த நீக்கச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். காகிதத்தைப் பெட்டியில் வைத்து கார்கோவில் போட்டுவிடாமல் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.