இணையவழிக் கலந்துரையாடலுக்குப் புள்ளி போடுவது எப்படி? கேள்வி பதில்

ஹட்டன் விரிவுரையாளர்: மிஸ், ரூப்ரிக்கில், அதாவது புள்ளியிடும் அட்டவணையில், 'சிறப்பு, நன்று, சுமார்' என்று தெளிவாகத்தான் போட்டிருக்கிறேன். அப்படியும் "எனக்கு ஏன் 6?" என்று பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள்.

வரத்தான் செய்வார்கள். 'சிறப்பு' என்றால் என்னவென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பதிவில் விரல் வைத்துக் காட்டக்கூடியதை எழுதுங்கள். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரின் குடியுரிமை பற்றிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்தான் தலைப்பு என்று வையுங்கள். ஒரு பிள்ளை, 525,000 பேரை இந்தியா ஏற்க, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர ஒத்துக்கொண்டது என்று எழுதுகிறது. கீழே ஒருவர் "அருமையான கருத்து, உடன்படுகிறேன்" என்கிறார். இன்னொருவர், "மொத்தம் 975,000 பேர் என்றல்லவா கணக்கு? மிச்சம் 150,000 பேர்?" என்று கேட்கிறார். மூன்றாமவர், 1974 ஒப்பந்தத்தில் அவர்களை இரு நாடுகளும் பாதிபாதியாக ஏற்றதை ஆதாரத்தோடு எழுதுகிறார்.

இப்போது நிலைகள் தாமாகவே வந்துவிடும்: 'ஏற்கிறார், எதையும் சேர்க்கவில்லை'; 'விடுபட்டதைக் கேட்கிறார்'; 'சான்றோடு பேச்சை நகர்த்துகிறார்'. நானென்றால் பின்னிரண்டுக்கும் ஒரே புள்ளிதான் போடுவேன். அந்தக் கேள்வி வராமல் பதில் எங்கே வந்திருக்கும்?

பதுளை விரிவுரையாளர்: எத்தனை அளவுகோல் வைக்கலாம்?

நாலு. எட்டு வைத்தால் திருத்துகிற நாமே ஐந்தாவதோடு களைத்துவிடுவோம்.

பண்டாரவளை விரிவுரையாளர்: இரண்டு பேருக்குப் பதில் எழுதியே ஆகவேண்டும் என்றேன். கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு எல்லோரும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள்.

எண்ணிக்கையைக் கேட்டீர்கள், கொடுத்துவிட்டார்கள்! கெடுவை இரண்டாக்குங்கள்: சொந்தப் பதிவு புதன், பதில்கள் ஞாயிறு. இணையவழிக் கற்றல் தளமான மூடுலில், கலந்துரையாடலுக்குக் கேள்வி-பதில் வகை என்று ஒன்று இருக்கிறது. தன் பதிவைப் போடாமல் மற்றவர்களுடையதைப் பார்க்க முடியாது. போட்ட பிறகும், திருத்துவதற்கான நேரம், வழக்கமாக அரை மணித்தியாலம், கழிந்தால்தான் திறக்கும். பார்த்து எழுதுவது நன்றாகவே குறையும்.

தோட்டத்திலிருந்து ஒரு மாணவி: மிஸ், எங்கள் லயத்தில் சிக்னல் இல்லை. மேட்டு ரோட்டுக்குப் போனால்தான் கிடைக்கும். மழைக்குப் பிந்தினால் புள்ளி வெட்டுகிறார்கள்.

மகள், போனில் முதலில் நோட்ஸில் எழுதி வையுங்கள், சிக்னல் பிடித்ததும் ஒட்டிவிடலாம். நேரடியாகத் தட்டினால், லைன் அறுந்தால் எழுதினதெல்லாம் போய்விடும். உங்கள் சேருக்கும் ஒரு சொல்: நேரத்துக்குப் பத்தில் ஒரு புள்ளி போதும், இரண்டு நாள் சலுகையும் வேண்டும். இல்லாவிட்டால் நாம் அளப்பது டவர் எங்கே நிற்கிறது என்பதைத்தான். ஆங்கில எழுத்துப் பிழைக்கும் அப்படியே. ஆங்கிலப் பாடமாக இல்லாவிட்டால், சொல்லவந்தது விளங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

நுவரெலியா விரிவுரையாளர்: தொண்ணூறு பிள்ளைகள், மிஸ். எப்படித் திருத்துவது?

பத்துப் பத்துப் பேராகக் குழு பிரியுங்கள். 2019இல் வந்த மூடுல் 3.8 முதல், ஒரு பிள்ளையின் எல்லாப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்து ஒரே தடவையில் ரூப்ரிக்கோடு புள்ளி போடலாம். நான் இன்னொன்றும் செய்வேன்: தங்களுடைய நல்ல பதிவுகள் இரண்டைப் பிள்ளைகளே தெரிவுசெய்து, ஏன் என்று இரண்டு வரியும் எழுதித் தரவேண்டும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கண்டி விரிவுரையாளர்: சாட்ஜிபிடியில் எடுத்துப் போட்டால்?

கண்டுபிடிக்கிறேன் என்று இறங்காதீர்கள், வீண் சண்டை. 'சகமாணவர் ஒருவரின் வரியை எடுத்து, தன் ஊர் உதாரணத்தோடு மறுக்கிறார் அல்லது விரிக்கிறார்' என்று ஓர் அளவுகோல் வைத்து, அதற்குப் பத்தில் நாலு கொடுங்கள். அதையும் இயந்திரத்திடம் கேட்டு வாங்கலாம்தான். ஆனால் அதற்கே முதலில் மற்றவர்கள் எழுதியதை வாசித்தாக வேண்டுமே.