சானி கணவாயோடு திரும்பிவிடாதீர்கள்

ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வார இறுதியில் சானி கணவாய் ஏறிப் பார்த்துவிட்டு வரலாமா? அவ்வளவு தூரம் போவதற்கு அங்கே என்ன இருக்கிறது?"

கட்டாயம் போங்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து லெசோத்தோ நாட்டுக்கு ஏறும் மலைப்பாதை அது. ஆனால் மேலே ஏறிவிட்டு அதே வழியில் இறங்கிவிடாதீர்கள். முதல் தடவை நான் அப்படித்தான் செய்தேன். ஆப்பிரிக்காவிலேயே உயரமான பப் என்று சொல்லிக்கொள்ளும் விடுதி உச்சியில் இருக்கிறது. அங்கே சூடாக ஏதோ குடித்து, நாலு போட்டோ எடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். லெசோத்தோ என்ற நாடு அந்த விடுதிக்குப் பின்னால்தான் விரிந்து கிடக்கிறது என்பது இரண்டு வருடம் கழித்து, மனைவியோடு நான்கு நாள் லீவு போட்டுப் போனபோதுதான் தெரிந்தது.

முதல் இரவு கணவாய்க்குக் கீழே தென்னாப்பிரிக்கப் பக்கத்தில் உள்ள அண்டர்பர்க்கில் தங்கினோம். அங்கேயே டேங்கை நிரப்பிவிடுங்கள், அடுத்த பங்க் மலைக்கு அந்தப் பக்கம் மொகோட்லாங்கில்தான். ஃபோர் வீல் டிரைவ் வண்டி இல்லையென்றால் தென்னாப்பிரிக்கச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாடகை வண்டி என்றால் எல்லை தாண்ட அனுமதிக் கடிதம் வேண்டும். தென்னாப்பிரிக்க விசாவில் பல முறை நுழைய அனுமதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வருவது சிக்கலாகிவிடும்.

இரண்டு சாவடிக்கும் நடுவே சுமார் எட்டு கிலோமீட்டர், முழுக்கக் கல்லும் சரளையும். கடைசியில் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்றாக வரும். முதல் கியரிலேயே, அவசரப்படாமல் ஏறுங்கள். உச்சி சுமார் 2,870 மீட்டர். டிராகன்ஸ்பர்க் மலைச்சுவர் காலுக்குக் கீழே சரிந்து கிடக்கும். சரி, பார்த்தாயிற்றா? இப்போது வண்டியை மேற்கே விடுங்கள்.

அங்கிருந்து தார்ச்சாலை. 3,200 மீட்டருக்கும் மேலே ஒரு கணவாயைத் தாண்டும். வலப்பக்கம் ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியிலேயே உயரமான சிகரமான தபானா ந்ட்லென்யானா, 3,482 மீட்டர். பார்த்தால் அவ்வளவு பெரிய மலையாகத் தெரியாது, சுற்றியுள்ள எல்லாமே உயரம். முழு நிலமும் 1,000 மீட்டருக்கு மேலே இருக்கும் நாடு உலகத்தில் இது ஒன்றுதான். மரமே இல்லை. புல், பாறை, ஆட்டு மந்தை, நடுநடுவே கல்லில் கட்டிய வட்டமான கூரை வீடுகள்.

மொகோட்லாங்குக்குச் சற்று முன்பு, மலையிலிருந்து உருண்டு கிடந்த கூரான கல்லில் ஏற்றிவிட்டேன். பஞ்சர். ஸ்டெப்னி இருந்தது. ஆனால் நட்டு ஒன்று எவ்வளவு மிதித்தும் அசையவில்லை. ஒரு மேய்ப்பன் பையன் இறங்கி வந்தான், பதினான்கு வயது இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், உடம்பில் தடித்த கம்பளிப் போர்வை, அதை நெஞ்சில் சேர்த்துக் குத்திய விரல் நீள ஊக்கு. பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று ஓடி, மட்டக்குதிரையில் வந்துகொண்டிருந்த ஒரு பெரியவரை அழைத்து வந்தான்.

பெரியவர் இறங்கினார். சக்கரத்தைப் பார்க்கவில்லை. முதலில் என்னைப் பார்த்து "துமேலா, ந்தாத்தே" என்றார். அப்புறம் மனைவியிடம் "துமேலா, ம்மே". துமேலா என்றால் வணக்கம், ந்தாத்தே என்றால் அப்பா, ம்மே என்றால் அம்மா. அறியாதவர்களையும் அப்படித்தான் அழைப்பார்கள். நாம் தெருவில் முகம் தெரியாத பெண்ணை "அம்மா" என்று கூப்பிடுவதில்லையா, அதே மாதிரி. நலம் விசாரித்து முடித்த பிறகுதான் ஸ்பேனர் மேல் கால் வைத்தார். ஏறி நின்று ஒரே அழுத்து, நட்டு கிறீச்சென்று கழன்றது. பையன் ஜாக்கியைப் பிடித்துக்கொண்டான். பணம் கொடுத்தேன், பெரியவர் வாங்கவில்லை. பையனுக்கு மட்டும் ரொட்டியும் பழமும் கொடுக்கச் சொன்னார்.

ஒன்று சொல்ல வேண்டும். வழியில் பிள்ளைகள் "ஸ்வீட்ஸ்" என்று கத்திக்கொண்டு ஓடிவருவார்கள். ஓடும் வண்டியிலிருந்து மிட்டாய் வீசாதீர்கள். வீசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பிள்ளைகள் சக்கரத்துக்கு அருகே வந்துவிடுகிறார்கள்.

மொகோட்லாங்கில் இரவு தங்கினோம். அந்த வட்டாரத்தில்தான் பொலிஹாலி அணையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். லெசோத்தோவின் ஆறுகளை மறித்து, மலையைக் குடைந்து, ஜோகன்னஸ்பர்க் பக்கம் தண்ணீர் கொண்டுபோகும் பெரிய திட்டத்தின் இரண்டாம் கட்டம் அது. முதல் கட்டத்தின் தண்ணீர் 1998 முதல் போகிறது. ஜோகன்னஸ்பர்க்கில் மூன்று வருடமாக அதைத்தான் நானும் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பக்கத்துக் கிராமங்களிலோ பெண்கள் தலையில் வாளியோடு ஊற்றிலிருந்து மேடேறி வருவதைப் பார்த்தோம். அதைப் பார்த்தபின் வீட்டுக் குழாயை வெறுமனே திறந்துவிட மனசு வருவதில்லை.

மறுநாள் லெட்செங் வைரச் சுரங்கத்தை ஒட்டிப் போனோம். 2018-இல் 910 காரட் கல் கிடைத்தது இங்கேதான். சாலையிலிருந்து பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. அதைவிட வழியோரக் கொடிகளைக் கவனியுங்கள். வீட்டு வாசலில் கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டியிருந்தால் உள்ளே வீட்டில் காய்ச்சிய சோள பியர் விற்பனைக்கு இருக்கிறது. சிவப்பு என்றால் இறைச்சி, பச்சை என்றால் காய்கறி. பச்சைக் கொடி வீட்டில் மக்காச்சோள மாவுக் களியும் வதக்கிய கீரையும் சாப்பிட்டோம். களிக்குப் பெயர் பாப்பா, கீரைக்கு மொரோஹோ. தென்னாப்பிரிக்க ரேண்ட் நோட்டே வாங்கிக்கொள்வார்கள். மீதிச் சில்லறை லெசோத்தோ பணமான மலோட்டியாக வந்தால் அங்கேயே செலவழித்துவிடுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பனி விழும், அப்போது புதியவர்கள் ஓட்ட வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் மதியத்துக்கு மேல் இடி மின்னல். மார்ச், ஏப்ரல் நல்ல காலம்.

புதா-புதே வழியாக இறங்கி, கலிடன்ஸ்பூர்ட் சாவடியில் வெளியேறினோம். முத்திரை குத்திய அம்மா, "போகிறவர் சொல்ல வேண்டியது சாலா ஹான்ட்லே, நல்லபடி இருங்கள். இருக்கிறவர் சொல்வது த்சமாயா ஹான்ட்லே, நல்லபடி போங்கள்" என்று சொல்லிக்கொடுத்தார். மட்டக்குதிரைப் பெரியவர் குதிரையில் ஏறியபின் எங்களைப் பார்த்துச் சொன்னது அதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. நான் வெறுமனே கையசைத்துவிட்டு வண்டியை எடுத்திருந்தேன்.