ஸ்டேக்கில் 'மீடியம் ரேர்' என்றால் என்ன? வீட்டில் அந்தப் பதத்தை எப்படிப் பிடிப்பது?

ஸ்டேக் எனும் தடித்த மாட்டிறைச்சித் துண்டின் நடுப்பகுதி 54–57 டிகிரி செல்சியஸ் வரை மட்டும் வெந்து, இளஞ்சிவப்பாகச் சாறோடு இருப்பதே மீடியம் ரேர். 60–63 என்றால் மீடியம். 70 தாண்டினால் வெல் டன். சூடு ஏற ஏறத் தசை இழைகள் சுருங்கி உள்ளிருக்கும் நீரை வெளியே தள்ளும். 65-க்கு மேல் அது வேகமெடுத்து, கறி வறண்டு இறுகிவிடும்.

ஒன்றரை அங்குலத் துண்டே நல்லது. மெல்லியதில் மேல்புறம் சிவப்பதற்குள் உள்ளே முழுதும் வெந்துவிடும். ஈரத்தை நன்றாக ஒற்றியெடுத்து, நன்கு காய்ந்த இரும்புச் சட்டியில் நிமிடத்துக்கொரு முறை திருப்புங்கள். நேரக் கணக்கை நம்பவே வேண்டாம். இறைச்சி வெப்பமானியைப் பக்கவாட்டில் நடுவரை செருகி, 51–52 காட்டும்போதே இறக்குங்கள். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுவதைப் போல, மேற்புறச் சூடு உள்ளே இறங்கி மீதி டிகிரியை ஏற்றும். ஐந்து நிமிடம் விட்டு வெட்டுங்கள்.

தட்டில் வடியும் சிவப்பு நீர் ரத்தமல்ல. மையோகுளோபின் என்ற தசைப் புரதம் கலந்த நீர்.