கேலக்ஸிய எண்ணி டார்க் மேட்டர புரிஞ்சுக்க முடியுமா?

வணக்கம் சார்,
டார்க் மேட்டர், அதாவது ஈர்ப்பு விசைய வெச்சு மட்டுமே இருக்குன்னு தெரியற பொருள், வெளிச்சமே விடாதுன்னு சொல்றாங்க. அப்பறம் கேலக்ஸிய கோடிக்கணக்குல படம் எடுத்து சர்வே பண்ணி என்ன ஆகப்போகுது? இருக்குன்னு வேணா சொல்லலாம், அது என்ன சரக்குன்னு எப்படி தெரியும்? பூமிக்கடியில டிடெக்டர் வெச்சு துகள பிடிக்கறதுதானே ஒரே வழி?
ஒரு வாசகர்

வணக்கம் நண்பரே,

பாதி சரி. துகளோட பேரு சர்வேல கிடைக்காது, ஆனா அதோட சுபாவம் கிடைக்கும். டிடெக்டர்ல இன்னிக்கு வரைக்கும் உறுதியா ஒண்ணும் சிக்கல, அதையும் மறந்துடாதீங்க.

1980கள்ல நியூட்ரினோங்கற குட்டித் துகள்தான் டார்க் மேட்டரா இருக்கும்னு பலபேர் நினைச்சாங்க. அது ரொம்ப லேசு, ஆரம்பத்துல கிட்டத்தட்ட ஒளி வேகத்துல ஓடிக்கிட்டு இருந்தது. ஓடிக்கிட்டே இருக்கறது ஒரு எடத்துல குமியுமா? சின்ன சின்ன குமியலெல்லாம் கலைஞ்சுபோயி பெரிய கொத்துதான் முதல்ல வரும், கேலக்ஸியெல்லாம் லேட்டாத்தான் பொறக்கும். மேப் போட்டு பாத்தா வானம் அப்படி இல்ல. ஒரு துகளையும் பிடிக்காமலே ஒரு ஆள லிஸ்ட்லேர்ந்து தூக்கியாச்சு!

இப்ப நடக்கறதும் அதே வேலைதான், இன்னும் பொடிசா. செக்யூ 1னு ஒரு குட்டி கேலக்ஸி, சுமார் 75,000 ஒளியாண்டு தூரத்துல, வானத்த மேப் போடற ஸ்லோன் சர்வேயோட டேட்டாவுல மாட்டுச்சு. மொத்த வெளிச்சமே சில நூறு சூரியன் அளவுதான், ஆனா நட்சத்திரங்க ஓடற வேகத்த வெச்சு எடை போட்டா லட்சக்கணக்கான சூரியன் வருது, அதாவது கிட்டத்தட்ட முழுக்க டார்க் மேட்டர். இந்த மாதிரி குட்டிங்க நம்ம பால்வெளிய சுத்தி எத்தன இருக்குங்கறதுலதான் விஷயமே இருக்கு. துகள் கொஞ்சம் வேகமா ஓடற 'வார்ம்' வகைன்னா குட்டிங்க கம்மியா இருக்கணும். ஸ்லோனுக்கு முன்னாடி தெரிஞ்சது 11, இப்போ அறுபது பக்கம். 2021ல டார்க் எனர்ஜி சர்வேங்கற இன்னொரு வான சர்வே குழு இந்த எண்ணிக்கைய வெச்சே, வார்ம் துகளா இருந்தா அதோட எடை 6.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (துகளோட எடைய சொல்ற அலகு) கீழ இருக்க வாய்ப்பில்லன்னு கணக்கு சொல்லிடுச்சு.

ஒரு சிக்கல் என்னன்னா, ரொம்ப சின்ன குமியல்ல நட்சத்திரமே உருவாகாது, அப்போ எண்ணறதுக்கு எதுவுமில்ல. அதுக்குத்தான் நட்சத்திர ஓடைங்க, அதாவது பால்வெளியோட ஈர்ப்புல பிச்சுக்கிட்டு வந்து நீளமா வரிசையா ஓடற நட்சத்திரங்க. ஜிடி-1னு நீளமா ஒரு ஓடை, அதுல ஒரு எடத்துல இடைவெளி விழுந்திருக்கு, பக்கத்துல ஒரு கிளை மாதிரி துருத்திக்கிட்டு நிக்குது, கண்ணுக்குத் தெரியாத எதோ ஒண்ணு குறுக்க பாஞ்ச மாதிரி. சிலில இருக்கற ரூபின் ஆய்வகம் 3,200 மெகாபிக்சல் கேமராவோட பத்து வருஷம் வானத்த எடுக்கறப்ப இப்படி மங்கலான ஓடைங்க நெறைய மாட்டும்னு எதிர்பாக்கறாங்க. ஜிடி-1ல பாஞ்சது டார்க் மேட்டர் குமியல்தானாங்கறதுல சண்டை இன்னும் ஓயல.