பழைய வயிற்றுத் தழும்பு: லேசரா, நுண்ணூசியா?

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டாவது குழந்தை பிறந்து எட்டு வருடம் ஆகிறது. தொப்புளைச் சுற்றியும் அடிவயிற்றிலும் வெள்ளை வெள்ளையாக வரித் தழும்புகள். சேலத்தில் ஒரு கிளினிக்கில் ஆறு சிட்டிங் லேசருக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். இன்னொரு இடத்தில் மைக்ரோநீட்லிங் (நுண்ணூசி) போதும் என்கிறார்கள். எதைச் செய்வது?
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: பணத்தை இப்போது கட்டாதீர்கள். உங்களை உறுத்துவது பள்ளமா, நிறமா என்று முதலில் பாருங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை வயிற்றின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். வரிகளில் நிழல் விழுந்தால் அது பள்ளம். பிறகு இரண்டு விரலால் தோலை இழுங்கள். சுருக்கம் மறைந்த பிறகும் வெள்ளைக் கோடு அப்படியே தெரிந்தால், அது நிறக்குறை. பள்ளத்துக்கும் சுருக்கத்துக்கும் சிகிச்சை ஓரளவு கேட்கும். நிறம் அவ்வளவு எளிதில் திரும்பாது. முழுசாக மறைத்துத் தருகிறோம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

தோலுக்கு உறுதியும் நெகிழ்வும் தரும் உட்தோலின் கொலாஜன், எலாஸ்டின் இழைகள் சிதைந்து உண்டான தழும்பு இது. சிவப்பாக இருக்கும் ஆரம்பக் கட்டத்தில் சில மருந்துகளுக்குக் கொஞ்சம் பலன் உண்டு. வெளுத்த பிறகு தேங்காய் எண்ணெயோ கோகோ பட்டரோ தோலை மென்மையாக்கும், அவ்வளவுதான்.

நம் மாநிறத் தோலுக்கு, நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்திப் புதிய கொலாஜனைத் தூண்டும் நுண்ணூசியில் தொடங்குவதையே நான் விரும்புவேன். ஃப்ராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசரும் (தோலில் புள்ளி புள்ளியாகச் சூடு வைப்பது) வேலை செய்யும். ஆனால் அதன் சூடு பட்ட இடம் கறுத்துப்போய், மாதக்கணக்கில் கட்டம் கட்டமாகத் தெரியலாம். வெள்ளைக் கோட்டுக்குப் பதில் கறுப்புத் திட்டு வந்தால் என்ன லாபம்? லேசர்தான் என்று முடிவு செய்தால், அடிவயிற்றில் இரண்டு சென்டிமீட்டர் சதுரத்தில் மட்டும் சோதித்துவிட்டு, ஆறு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

நுண்ணூசி என்றால், மரத்துப்போகும் கிரீமைப் பூசி முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் மூடிவைப்பார்கள். வயிற்றுத் தோலில் ஊசி சுமார் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் இறங்கும். பொடிப்பொடியாக ரத்தம் துளிர்க்கும். ஊசிமுனையை உங்கள் கண்ணெதிரே புதிதாகப் பிரிக்கச் சொல்லுங்கள். மாதம் ஒன்றாக மூன்று முதல் ஆறு முறை தேவைப்படலாம். புதிய கொலாஜன் மெதுவாகத்தான் உருவாகும் என்பதால், கடைசி சிட்டிங் முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் பலனை எடைபோட வேண்டும். முதலிலும் அப்போதும் ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். ஆன்லைனில் விற்கும் ரோலரை வாங்கி வீட்டில் உருட்ட வேண்டாம்; ஊசி வளைந்து தோலைக் கீறும், சீழும் பிடிக்கும்.

பலரும் கோட்டை விடுவது சிட்டிங் முடிந்த பிறகுதான். பாவாடை நாடா இறுக்கும் இடமும் தழும்பு இருக்கும் இடமும் ஒன்றே. அந்த உராய்வே தோலைக் கறுக்க வைக்கும். ஒரு வாரம் தளர்ந்த பருத்தி நைட்டி போதும். வாசலின் தடவுங்கள், மஞ்சள், எலுமிச்சை கூடாது. பொருக்கைப் பிய்க்காதீர்கள். அது உதிர்ந்த பிறகு, புடவை இடைவெளியில் வெயில் படும் இடத்துக்கு எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில், வேர்வையோடு இதைச் செய்துகொள்வது வேதனை. கார்த்திகை, மார்கழியில் வைத்துக்கொள்ளுங்கள்.

காயம் பட்டால் தழும்பு மேடாக வளரும் உடம்பா, சர்க்கரை கட்டுக்குள் இல்லையா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? டாக்டரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். இன்னொரு குழந்தை யோசனை இருந்தால், பிரசவம் முடியும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: வயது 23. தொடை இடுக்கில் படர்தாமரைக்குக் கடையில் கேட்டு வாங்கிய கிரீமை மூன்று மாதம் போட்டேன். இப்போது அங்கே அகலமான சிவப்புக் கோடுகள். லேசர் செய்யலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: இப்போது கூடாது. அந்தக் கிரீமில் குளோபிட்டாசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். மெல்லிய தோலில் அதைத் தொடர்ந்து பூசினால் இப்படித்தான் வரி விழும். படர்தாமரையும் அடியில் பரவிக்கொண்டே இருக்கும். பூசுவதை நிறுத்தியதும் சில நாள் அரிப்பு கூடும். பயந்து மறுபடி பூசிவிடாதீர்கள். பூஞ்சை முழுசாகக் குணமான பிறகுதான் கோடுகளைப் பற்றி யோசிக்க வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது அந்த ட்யூபைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துப் போங்கள். அதில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்கள்தான் டாக்டருக்கு வேண்டும்.